மங்குக்கு வந்த மஸ்கட் மருந்து

மஸ்கட்டில் மதியம் ஒரு மணிக்கு மேல் தெருவில் ஈ காக்கை கிடையாது. கடைக்காரர்கள் கதவை இழுத்துப் பூட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். இந்த மண்ணில் பிறந்தவர்கள் வெயிலை ஒரு விரோதிக்கு உரிய மரியாதையோடு நடத்துகிறார்கள். தலையில் துணி சுற்றி, கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடி, பொழுது சாய்ந்த பிறகே வெளியே வருகிறார்கள். அந்த உச்சி வேளையிலும் வெட்டவெளியில் நிற்கிறவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாலை போடும் கம்பெனியில் எனக்கு சர்வே வேலை. அளவுக்கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சொந்த ஊரான சங்கரன்கோவிலில் இருந்தவரை வெயிலை நான் பொருட்படுத்தியதே இல்லை. அது பாட்டுக்கு அடிக்கும், நாம் பாட்டுக்குப் போவோம். வெயில் ஒருவருக்கு ஆகாது என்று டாக்டர் ஒருவர் சொல்லிக் கேட்டதே இங்கே வந்துதான். அதுவும் எனக்காக அல்ல, என் தங்கை கோமதிக்காக.

கோமதியை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் மாமியார் வீட்டாருக்குத் திருவேங்கடம் ஊருக்குப் போகிற வழியில் கரிசல் காடு இருந்தது. பருத்தி எடுப்பதும் மிளகாய் காயப்போடுவதும் வேலையாட்களுக்குக் கஞ்சி கொண்டுபோவதும் அவள் தலையில்தான். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அவள் இரண்டு கன்னத்திலும் கரும்படையாக மங்கு விழுந்தது. புற்றுமண் குழைத்துப் பூசினாள், மஞ்சள் பூசினாள், யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக்கொண்டு பருத்திக்காட்டுக்குப் போய் இன்னும் கறுத்து வந்தாள். நல்ல காரியங்களில் ஆரத்தி எடுக்க அவளைக் கூப்பிடுவதை மாமியார் நிறுத்தினார். பிறகு, ஆடித்தபசுத் திருவிழாவுக்குள் முகம் தெளியாவிட்டால் பிறந்த வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று சொல்லியனுப்பினார். எங்கள் பக்கத்தில் அந்தக் ‘கொஞ்ச நாள்’ எவ்வளவு நீளும் என்பது எல்லோருக்கும் தெரியும். கடிதத்தில் இதைப் படித்ததும் கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கம்பெனி டாக்டர் எகிப்துக்காரர். மங்குக்கு கிரீம் வேண்டும் என்றேன். முகத்தைக் காட்டு என்றார். முகம் சங்கரன்கோவிலில் இருக்கிறது என்றேன். வெயிலில் எனக்கு மூளை இளகிவிட்டது என்று நினைத்து, என்னைப் படுக்கவைத்து உப்புத் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்துப் போட்டோவை எடுத்துக் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆளைப் பார்க்காமல் மருந்து கொடுப்பது முறையல்ல, அங்கேயும் ஒரு டாக்டரிடம் காட்டச் சொல் என்று திட்டிக்கொண்டே எழுதிக் கொடுத்தார். கூடவே விதிகள். இது ஆளை வெளுக்கவைக்கிற சாமான் அல்ல. முதலில் காதுக்குப் பின்னால் துளி தடவிப் பார்க்க வேண்டும். எரிந்தாலோ தடித்தாலோ நிறுத்திவிட வேண்டும். ஒத்துக்கொண்டால் ராத்திரியில், மங்கின் மேல் மட்டும், மெல்லிசாக. சில மாதத்துக்கு மேல் கூடாது. பிள்ளைத்தாய்ச்சியும் பால் கொடுக்கிறவளும் தொடக்கூடாது. கோமதி பால் மறக்கடித்திருந்தாள். கடைசியாக, பகலில் வெயிலில் போகவே கூடாது. போனால் குடை வேண்டும். சூரியனுக்கென்றே பட்டா எழுதிக் கொடுத்ததுபோல் இருக்கிற ஒரு தாலுகாவுக்கு இப்படி ஒரு விதி. எனக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் ஒன்றுவிடாமல் தமிழில் எழுதி, விடுமுறைக்குப் புறப்பட்ட கடையநல்லூர் நண்பர் ஒருவரிடம் டியூபோடு கொடுத்தனுப்பினேன்.

அடுத்த விடுமுறையில் நான் ஊருக்குப் போனபோது அந்த வீடே தலைகீழாக மாறியிருந்தது. மாமனாரின் கறுப்புக்குடை கோமதியின் கையில் இருந்தது. கஞ்சித் தூக்கு மாப்பிள்ளையின் கையில் இருந்தது. மிளகாயைக் கிளறிவிட மாமியாரே மாடியேறினார். பெட்ரோலும் டூ-இன்-ஒன் டேப்ரிக்கார்டரும் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்து வந்த மருந்து பொய்க்காது என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை. என்னைக் கண்டதும் பெருமையாகவே சொன்னார்:

“மஸ்கட் டாக்டர் சொன்னத மீறி இவ வெயில்ல போயி மூஞ்சி வெந்துட்டுன்னா, ஊரு என்னையல்லா ஏசும்?”

எதிர்வீட்டு மருமகளுக்கும் அதற்கடுத்த வீட்டு மருமகளுக்கும் மங்கு விழுந்திருப்பதாகப் பேச்சு; அவர்களும் குடை கேட்கிறார்களாம். அவர்கள் முகத்தில் என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் மாமியார்களுக்கும் தெரியவில்லையாம். கோமதியின் கன்னம் மட்டும் நன்றாகவே தெளிந்திருந்தது. ஆடித்தபசும் வந்து போயிருந்தது. அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. மருந்து வேலை செய்துவிட்டது என்று நான் மீசையைத் தடவிக்கொண்டிருந்தபோது, அவள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு டியூபைக் காட்டினாள். அது அநேகமாக நிறையவே இருந்தது.

“காதுக்குப் பின்னால தடவுனேன். மறுநா செவந்து தடிச்சு ஒரே எரிச்சல். எரிஞ்சா நிறுத்திரணும்னு நீதான எழுதியிருந்த. நிறுத்திட்டேன்.”

“ஏட்டி, அத்தகிட்ட சொல்லலையா?”

“சொன்னா கொடைய வாங்கிருவாகண்ணே.”

மருந்தை விட்டுவிட்டு விதியை மட்டும் பூசிக்கொண்டிருக்கிறாள் என் தங்கை. ராத்திரி அறைக்கதவைச் சாத்திக்கொள்வாளாம், காலையில் முகம் கழுவுவாளாம், அவ்வளவுதான் வைத்தியம். முகம் தெளிந்துவிட்டதால் இனி குடை எதற்கு என்று மாமியார் கேட்டுவிடுவாரோ என்பதுதான் இப்போது அவள் பயம். வெயில் பட்டால் மங்கு திரும்பி வரும் என்று டாக்டர் சொன்னதாக ஒரு வரி எழுதிப் போடச் சொன்னாள். பொய் எழுத எனக்கு மனமில்லை.

மஸ்கட் திரும்பியதும் டாக்டரிடமே போய்க் கேட்டேன். அது உண்மைதான் என்றார். எனக்கு உயிர் வந்தது. அன்றைக்கே கடிதம் எழுதினேன். டாக்டர் அதோடு விடவில்லை. என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, உனக்கும் இரண்டு கன்னத்திலும் விழுந்திருக்கிறது, பகலில் வெயிலில் நிற்காதே என்று சொல்லிவிட்டார்.

எங்கள் ஃபோர்மேன் ஸ்காட்லாந்துக்காரர். வெள்ளிக்கிழமைதோறும் கடற்கரையில் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்து, காசு செலவில்லாமல் தோலைக் கறுக்கவைப்பவர். அவரிடம் போய், வெயில் ஆகாது என்று டாக்டர் சொல்கிறார் என்றேன். எனக்குக் கிடைத்த வரத்தை நான் வேண்டாம் என்பதுபோல் பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டி, அப்படியானால் நீ ஊருக்குப் போய்விடு என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரில் நிழல் இருக்கும் என்று நினைத்துவிட்டார், பாவம்.

போகலாம்தான். ஆனால் தங்கச்சியை வெயிலில் அனுப்பாதீர்கள் என்று சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு ஓர் அண்ணன் சொன்னால் அதை யார் கேட்பார்கள்? மஸ்கட்டில் இருக்கிறவரைதான் என் பேச்சுக்கு அந்த வீட்டில் மதிப்பு; அந்த மதிப்பு இருக்கிறவரைதான் அவள் கையில் குடை. நான் அளவுக்கம்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் வெயிலில் போய் நின்றேன்.