மகளைப் பார்க்க வந்த சீமாட்டியும் பிலோமினாவும்

சென்ற செவ்வாய்க்கிழமை ரொறன்ரோவில் எக்ளிங்டன் பஸ்ஸில் இருந்தபோது பிலோமினாவின் மகள் ரெஜினா அழைத்தாள். "அங்கிள், அம்மா காலமை தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதிரையிலேயே போயிட்டா. ஒரு நோவும் இல்லை." நான் இறங்கவேண்டிய தரிப்பு தாண்டிப்போய்விட்டது.

உங்களில் பலர் அவரை வெக்ஸ்போர்ட் தேவாலயப் பாடகர் குழுவில் அறிந்திருப்பீர்கள். நான் அறிந்தது வேறு பிலோமினா. ஓய்வுபெற்ற பிறகு நாங்கள் இருவரும் நகரின் பழைய வீட்டு அருங்காட்சியகமொன்றில் தொண்டர்களாக இருந்தோம். விக்ரோரியா மகாராணி காலத்தில் அந்த வீட்டில் வாழ்ந்த பெண்ணுக்கு, இங்கிலாந்திலிருந்து அவள் தாய் லேடி எலினோர் எழுதிய கடிதங்களைப் பிலோமினா வாசிப்பார். நான் தட்டச்சு செய்வேன்.

பதினேழு வயது மகளை ஐம்பது வயதுப் பிரபு ஒருவருக்குக் கட்டிக்கொடுக்கக் கணவர் முடிவு செய்தபோது, எலினோர் அவளைத் தன் தம்பியோடு கப்பலேற்றி ரொறன்ரோவுக்கு அனுப்பிவிட்டார். கணவர் மன்னிக்கவில்லை. மனைவி எங்கே போகலாம் என்பதைக் கணவனே தீர்மானித்த காலம் அது. அவ்வளவு பெரிய மாளிகையில் அவருக்குக் கடிதத்தாள்கூட மட்டாகத்தான் கிடைத்தது. எழுதிய பக்கத்தைப் பக்கவாட்டில் திருப்பி, அந்த வரிகளின் மேலேயே குறுக்காக எழுதுவார். எனக்கு அது பின்னிய பாய்போலத் தெரியும்.

மகளைக் கப்பலேற்றிய பகுதியை வாசித்த அன்று பிலோமினா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நானும் ரெஜினாவை முதல் கனடாவுக்கு அனுப்பிப்போட்டு ஒன்பது வருசம் மன்னாரிலை இருந்தனான், அண்ணை. இந்த மனுசி எழுதாமல் விட்டதும் எனக்கு விளங்கும்."

பிறகு கண்காட்சி வந்தது. விதவையான பின் லேடி எலினோர் 'உடல்நலம் தேறக் கனடா வந்தார்' என்று அறிமுகப் பலகையில் எழுதியிருந்தார் பொறுப்பாளர். குடும்பத்தார் சொல்லிவந்த கதை. பிலோமினா விடவில்லை.

"இந்தக் குளிருக்கு ஆர் சுகம் தேடி வருவினம்? அவ மகளைப் பாக்க வந்தவ."

பொறுப்பாளர் சான்று கேட்டார். மூன்று வாரம் கடைசிக் கடிதத்தோடு மல்லுக்கட்டினார் பிலோமினா. ஒரு மத்தியானம், "தட்டுங்கோ அண்ணை" என்று வாசித்தார்: 'நான் நல்ல சுகம். உன் முகம் பார்க்கவே வருகிறேன்.'

பலகை மாறியது.

திறப்பு நாளன்று ரெஜினா அதை இரண்டு தரம் படித்தாள். "அம்மா, இது உங்கட கதைதானே?"

"விசர்க்கதை கதையாதை. எனக்கெங்கால மாளிகை?" என்று சிரித்தார் பிலோமினா. ஆனால் மகளின் கையை விடவில்லை.

கடைசிக் கடிதத்தில் எலினோர் மகளைக் கொஞ்சிக் கூப்பிட்ட ஒரு செல்லப்பெயரை மட்டும் அவராலும் வாசிக்க முடியவில்லை. 'ரோஸ்' என்று போடுவோமா என்றேன். "உத்தேசமாய்ப் போடாதேங்கோ, அண்ணை. அது தாயும் மகளும் அறிஞ்சது. அவைக்கே இருக்கட்டும்."

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பொறுமையைத்தான். அந்த வீட்டின் வேறொரு பெட்டிக் கடிதங்கள் வந்திருக்கின்றன; இப்போது நானே வாசிக்கிறேன். தெரியாத சொல்லுக்கு இடம் விட்டுவிட்டு மேலே போகிறேன். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. மனம் நிறைவாக இருக்கிறது.