அப்பா வர்றாராம்

கப்பலில் வெல்டராக இருந்தவனுக்குப் பேச நேரம் கிடைக்கும்போதெல்லாம் மனைவி துணி ஆலையில் இருப்பாள். வீட்டிலிருந்த அவன் அக்காவுக்கோ காது மந்தம். ஆகவே செய்தி சொல்ல மூன்று வயது மகள்தான் கதி. பொடிசு என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள்.

“அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சு, நல்லா சாப்பிடறேன், அடுத்த வருஷந்தான் வர்றேன்னு அம்மாகிட்ட சொல்லு கண்ணு.”

சாயங்காலம் பொடிசு வாசலுக்கே ஓடிப்போய், “அப்பா வர்றாராம்!” என்றாள். செய்தியின் வால் மட்டும்தான் அவளிடம் ஒட்டியிருந்தது. அவசர அவசரமாகத் தலையணை உறை மாற்றிவிட்டுக் காத்திருந்த கதையை, ஆலையின் அடுத்த விடுமுறையன்று மனைவியே போனில் சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

ஐந்து வயதில் தலையும் வாலும் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தன. நடுவில் சொன்னது எங்கோ உதிர்ந்துவிடும். பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் ஆனதும், சொன்னதை உதட்டுக்குள் முணுமுணுத்தபடியே வீட்டைச் சுற்றி வருவாளாம். அத்தை கூப்பிட்டாலும் பதில் வராதாம்.

“வாயைத் திறந்தா கொட்டிப் போயிடும்னு பயம் அவளுக்கு,” என்றாள் மனைவி.

அந்த உதட்டசைவை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று அவன் ஏங்கினான். லீவில் வந்தபோது அது நடக்கவில்லை. அப்பாவே எதிரில் இருக்க, அவள் யாருக்காக முணுமுணுப்பாள்?

அவளுக்கு ஒன்பது வயதானபோது ஒருநாள், “மழை முடிஞ்சதும் வந்துடறேன்னு சொல்லு,” என்றான்.

“சரிப்பா. ஆனா முதல்ல பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ளன்னீங்க. அப்புறம் பரீட்சைக்கு முன்னாடின்னீங்க. அம்மாகிட்ட எதைச் சொல்லட்டும்?”

குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்டாள். இத்தனை நாளும் உதிர்ந்துவிடும் என்ற தைரியத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஒப்பந்தம் முடிந்ததும் துறைமுகத்துப் பட்டறையில் வேலை தேடிக்கொண்டு வீட்டோடு வந்து சேர்ந்தான். பொடிசு நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள்.

ஒரு மாலை அவள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் உதட்டையே பார்த்தபடி அவன் மெதுவாக ஆரம்பித்தான்: “அம்மாகிட்ட போய்ச் சொல்லு கண்ணு, அப்பா நாளைக்குச் சீக்கிரம் வேலைக்குப் போகணும், வேலைச் சட்டையைத் தோய்ச்சாச்சு, அப்புறம்...”

“அம்மா இதோ அடுப்படியிலதானே இருக்காங்க. நீங்களே சொல்லுங்கப்பா,” என்றாள், தலை நிமிராமல்.

அவனே எழுந்து போய்ச் சொன்னான். திரும்பி வந்து, அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டான்.