வெள்ளிக்கிழமை மட்டும் ஸ்டார்ட் ஆன கார்

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்ட பிறகு, எங்கள் கார் போர்டிகோவை விட்டு நகரவில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது. மகன் பெங்களூரில் இருக்கிறான். "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைம்மா, இல்லேன்னா பேட்டரி எறங்கிரும்" என்று போனில் சொன்னான்.

அதை நான் என் வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் விளக்கேற்றி, வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டு, அப்படியே காருக்கும் சூடம் காட்டிவிட்டுச் சாவியைத் திருகுவேன். இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுவேன். நிற்கிற வண்டிக்கு எதற்குப் பெட்ரோல்? போதாததற்கு, வண்டிப் புகை மேலே வருகிறதென்று மாடியில் குடியிருக்கும் அம்மாள் ஜன்னலைப் படாரென்று சாத்துவார்.

ஹாலில் கட்டிலில் கிடக்கும் இவர் அந்தச் சத்தத்தைக் கேட்டதும், "இஞ்சின் நல்லாத்தான் இருக்கு" என்பார். வாரம் முழுக்க அவர் முகம் தெளிவது அப்போது மட்டும்தான். அதைப் பார்க்கிற ஆசையில் செவ்வாய்க்கிழமையும் ஸ்டார்ட் பண்ண ஆரம்பித்தேன். எனக்கு என்ன தெரியும்?

வெளியே வரச் சொன்னால் மட்டும் எரிந்து விழுவார். "என்னையத் தூக்கி ஆட்டோவுல போட்டு ஊருக்குக் காட்டப் போறியா? போனா என் வண்டியிலதான் போவேன்." சரி, வீம்பாவது மிச்சம் இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

இவர் வைத்திருந்த கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர், தார்ப்பாய் வியாபாரம் செய்கிறவர், மகள் நிக்காஹ்வுக்குப் பத்திரிகை கொண்டுவந்தார். இரண்டு பேரும் ஒன்றாக ஷட்டர் திறந்து, ஒன்றாக டீ குடித்து, ஒன்றாகக் கிழடானவர்கள். இவருடைய செயலற்ற கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வந்து முன்னாடி உக்காரு மாப்ள. எனக்கு அது போதும்" என்றார். இவர் "வாரேன்" என்றார். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

நிக்காஹ் அன்றைக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை மாட்டி, பட்டனெல்லாம் நான் போட்டுவிட்டேன். சென்ட் கேட்டார். அன்றைக்கு மட்டும் கூலிக்கு வந்த ஆக்டிங் டிரைவரும் நானும் தாங்கிப் பிடித்து முன் சீட்டில் உட்காரவைத்து, காலைத் தூக்கி உள்ளே வைப்பதற்குள் இரண்டு பேருக்கும் வியர்த்துவிட்டது. டிரைவர் சாவியைத் திருகினார். டிக் டிக் என்றது. அவ்வளவுதான்.

"பேட்டரி படுத்துருச்சும்மா."

"வெள்ளிக்கிழமைகூட ஸ்டார்ட் ஆச்சேப்பா."

"எம்புட்டு நேரம் ஓடவிட்டீக?"

"ரெண்டு நிமிசம்."

"ஸ்டார்ட் பண்ணும்போதுதாம்மா பேட்டரி செலவாகும். ரோட்டுல கொஞ்ச தூரம் ஓடுனாத்தான் அது திரும்ப ஏறும்."

சூடம் காட்டிக் காட்டி நான்தான் அதை உறிஞ்சித் தீர்த்திருக்கிறேன். தள்ளினால் ஸ்டார்ட் ஆகிவிடும் என்றார் டிரைவர். இவரை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டுமே என்று, "அவரு அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

தெருவில் எல்லாரும் நல்ல மனசுக்காரர்கள். அயர்ன்காரர், எதிர்வீட்டுக்காரர், பால் வாங்க வந்தவர் என்று ஆளாளுக்கு ஓடிவந்தார்கள். "அண்ணே, கவலைப்படாதீக, எடுத்துரும்" என்று ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். வண்டி இரண்டு தடவை குலுங்கியது. குலுங்கும்போதெல்லாம் இவர் தலை முன்னால் போய்ப் போய் வந்தது. தெருமுனை டீக்கடை வாசலில் ஒரேயடியாக நின்றுவிட்டது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் குனிந்து உள்ளே பார்த்தார்கள்.

"எறக்கி விடு" என்றார் இவர்.

"ஆட்டோ சொல்றேங்க. நேரம் இருக்கு."

"எறக்கி விடுன்னேன்ல."

நானும் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள, காலை இழுத்து இழுத்து வீடுவரை வந்தார். வண்டி தள்ளியவர்கள் விலகி நின்றார்கள். இவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் அந்த நண்பர் கல்யாண உடுப்போடு பிரியாணி எடுத்துக்கொண்டு வந்தார். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நண்பர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "சரி மாப்ள" என்று முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாளே புது பேட்டரி போட்டோம். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் டிரைவர் வந்து வண்டியை வாடிப்பட்டி வரைக்கும் ஓட்டிவிட்டுக் கொண்டுவந்து நிறுத்துகிறார். போன வாரமும் இவரிடம் கேட்டுப் பார்த்தேன். "சும்மாதானே போகுது, நீங்களும் ஒரு எட்டு போயிட்டு வாங்களேன்."

"பேட்டரி ஏறத்தான போகுது," என்றார். "நான் எதுக்கு?"

கேட்டைத் திறந்துவிட்டேன். வண்டி போனது.