பந்து செடிக்குள் போனால்

எங்கள் கல்லூரி பேஸ்பால் அணியின் ஆயுள் மூன்றே வருடம். எண்பதுகளின் நடுவில் பிறந்தது, வளர்வதற்குள் செத்தது. அதற்காக ஏற்காட்டில் யாரும் அழவில்லை. எனக்கு மட்டும் இன்றும் வயிறு எரிகிறது.

அணியைத் தொடங்கியவன் எங்கள் கேப்டன். பெரிய காப்பி எஸ்டேட் முதலாளியின் மகன். பெங்களூரில் பள்ளியில் படித்தபோது இந்த ஆட்டத்தைப் பழகிக்கொண்டு வந்திருந்தான். மட்டை, கையுறை, பந்து எல்லாம் அவன் அப்பா வாங்கிக் கொடுத்தவை. சேலத்துக்கு ஆடப் போக எஸ்டேட் வேனையும் அவரே அனுப்புவார். எங்கள் விளையாட்டு ஆசிரியரான பி.டி. சாருக்கு பேஸ்பாலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கேப்டன் சொல்லித் தெரிந்ததுதான். அதனால் அவர் விசில் ஊதுவார், கேப்டன் ஆளுவான்.

நான் செம்மநத்தத்து விவசாயி மகன், கேப்டனுக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவன். கொல்லையில் இருந்த ஆரஞ்சு மரங்களைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றுவதே விடுமுறையில் என் உத்தியோகம். கல்லெறிந்தே கை பழகியிருந்தது. அணியில் சேர்ந்த முதல் நாள் நான் போட்ட பந்துகளில் ஒன்றைக்கூடக் கேப்டனால் மட்டையில் வாங்க முடியவில்லை. அன்று முதல் அணியில் பந்து போடுகிறவன் நான். அன்று முதலே அவனுக்கு நான் ஆகாதவன். எல்லார் முன்னாலும் என்னைக் 'குரங்கு' என்றுதான் கூப்பிடுவான். பி.டி. சாரும் சிரிப்பார்.

எங்கள் மைதானம் மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தியது. மூன்று பக்கமும் காப்பிச் செடிகள். பந்து செடிக்குள் போய்விட்டால் பக்கத்தில் நிற்பவன் கையைத் தூக்கி "செடி!" என்று கத்த வேண்டும். ஆட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஓடிக்கொண்டிருப்பவனும் நின்று, இரண்டு பக்கத்து ஆட்களுமாகச் சேர்ந்து பந்தைத் தேடுவோம். கிடைத்த பிறகுதான் மறுபடி ஆட்டம். எங்களிடம் இருந்த பந்துகளே கொஞ்சம், வேறு வழியில்லை. பேஸ்பால் என்றாலே அப்படித்தான் என்று எங்களில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தோம்.

கேப்டன் உண்டாக்கிய இன்னொரு வழக்கமும் இருந்தது. தோற்றுத் திரும்பும்போது, தோல்விக்குக் காரணமானவனை மலைப்பாதையில் வேனிலிருந்து இறக்கிவிடுவது. கொண்டை ஊசி வளைவுகளை நாங்கள் பெண்டு என்போம். எத்தனை ரன்னில் தோற்றோமோ அத்தனை பெண்டு அவன் நடந்து ஏற வேண்டும். யாரால் தோற்றோம் என்று தீர்ப்புச் சொல்வதும் கேப்டன்தான். ஒரு முறை வெள்ளக்கடை ஊர்ப் பையன் ஒருவனைக் கொட்டும் மழையில் இறக்கிவிட்டோம். வேனுக்குள் ஒரே பாட்டும் கும்மாளமும்.

அணியின் மூன்றாம் வருடம் சேலத்தில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியின் இறுதி ஆட்டம். பல்கலைக்கழக அணிக்கு ஆள் பொறுக்க ஒருவர் வந்திருந்தார். அந்த அணியில் ஒரு வருடம் ஆடிவிட்டால் போலீஸிலோ ரயில்வேயிலோ வேலை கிடைத்துவிடும் என்று பேச்சு. எங்கள் கல்லூரியிலிருந்து ஒருவனைத்தான் எடுப்பார்கள். என் அம்மா அறுவடைப் பருவத்தில் கேப்டன் வீட்டு எஸ்டேட்டில்தான் காப்பிப் பழம் பறித்தாள். அவளை அந்தக் கூடையிலிருந்து மீட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அன்று உயிரைக் கொடுத்துப் போட்டேன்.

ஒரு ரன் முன்னால் இருந்தோம். எதிரணிக்கு மூன்று பேஸிலும், அதாவது ஓடுகிறவர்கள் நிற்கும் மூன்று முனையிலும், ஆள். அதில் ஒருவன் என் தவறால் வந்தவன், இல்லை என்று சொல்லமாட்டேன். அடுத்து வந்தவன் ஓங்கி அடித்தான். பந்து கேப்டனைத் தாண்டி, மைதானத்து ஓரம் இருந்த வேலிக்காத்தான் புதருக்குள் உருண்டது. கேப்டன் கையைத் தூக்கி "செடி!" என்று கத்தினான்.

நாங்கள் ஒன்பது பேரும் நின்றோம். பழக்க தோஷம். நானும் தேடுவதற்காகப் புதரைப் பார்த்து நடந்தேன். அவர்கள் ஏன் நிற்பார்கள்? அடித்தவனும் பேஸில் நின்ற மூவரும் சிரித்துக்கொண்டே சுற்றி ஓடி நாலு ரன் எடுத்தார்கள். அதற்குப் பிறகு எங்களால் ஒரு ரன்கூட எடுக்க முடியவில்லை. மூன்று ரன்னில் தோற்றோம். சுற்றுச்சுவர் வரைக்கும் மைதானம்தான், புதரும் சேர்த்தி என்று நடுவர் ஆட்டத்துக்கு முன்பே இரண்டு கேப்டன்களையும் அழைத்துச் சொல்லியிருந்தார். எங்கள் கேப்டன் அதை எங்களிடம் சொல்லவில்லை, தானும் மறந்துவிட்டான்.

ஆள் பொறுக்க வந்தவர் பி.டி. சாரிடம் என்னைக் காட்டிக் கேட்டார். நான் மட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

"அந்தப் பந்து போட்ட பையன் யாருங்க? நல்ல கை."

"அது மலைப் பையனுங்க. கை இருக்குது, ரூல் தெரியாது. பந்து ஓடிக்கிட்டிருக்குது, அவம்பாட்டுக்கு நடந்து போறான் பாத்தீங்கல்ல? நம்ம கேப்டனப் பாருங்க. நல்ல குடும்பமுங்க."

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. கேப்டனை எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது வேன் மலை ஏறியது. பாதி வழியில் கேப்டன் டிரைவரை நிறுத்தச் சொன்னான்.

"குரங்கு, எறங்கு. பைனலாச்சே, டபுளு. ஆறு பெண்டு."

"கையத் தூக்குனது யாருடா?" என்று கேட்டேன்.

வெள்ளக்கடைப் பையன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தான். பி.டி. சார் முன்சீட்டிலிருந்து திரும்பினார்.

"சட்டுனு எறங்கு சாமி. பின்னால பஸ்ஸு நிக்குது பாரு."

இறங்கினேன். வேன் அவர்களுடையது, அம்மா அவர்கள் ஆள். பொழுது சாய்கிற நேரம், பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு பெண்டு ஒரு தூரமே இல்லை, விறகு சுமந்து ஏறின கால்தான். ஆனால் வழி நெடுக அழுதேன். அவன் செத்தால் தேவலை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

அணியை விட்டுவிடுவது என்று முடிவு கட்டியிருந்தேன். இரண்டு நாள் கழித்து பி.டி. சார் வகுப்புக்கே வந்து, என் தோளில் கை போட்டு வெளியே கூட்டிப்போனார்.

"கேப்டனுக்கு யுனிவர்சிட்டி டீம் கேம்ப் வருது. வேகமான பந்துன்னா அவன் கொஞ்சம் தடுமாறறான். சாயங்காலத்துல நீ அவனுக்குப் போட்டுக் குடு கண்ணு. உன்னாட்டம் போட இந்த மலையில யாரு இருக்காங்க?"

"எனக்கென்னங்க சார் அதுல?"

"அடுத்த வருசம் உன்னயச் சொல்லாம யாரச் சொல்லப் போறேன்?"

போட்டேன். கேம்ப் தொடங்கும் வரை தினமும் சாயங்காலம் போட்டேன். முதலில் அவனால் தொட முடியவில்லை. பிறகு தொட்டான், பிறகு அடித்தான். எங்கே தோளை இறக்குகிறான், எந்தப் பந்துக்குக் கண்ணை மூடுகிறான் என்று நானே சொல்லிக் கொடுத்தேன். ஒரு பந்தை அவன் விலாவுக்குக் குறி வைத்திருக்கலாம். அடுத்த வருடத்தை நினைத்து வைக்கவில்லை. அவன் கேம்புக்குப் போனான், பல்கலைக்கழகத்துக்கு ஆடினான், நன்றாகவே ஆடினான் என்றார்கள்.

பரீட்சைகள் முடிந்த அன்று ஒண்டிக்கடையில் பி.டி. சார் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சார், ஜூன்ல எப்பங்க பிராக்டீஸ்?"

"ஏது கண்ணு பிராக்டீஸ்? அவன் படிப்பு முடிஞ்சுது. மட்டை, வேனு எல்லாம் அவங்க ஊட்டோடது. நேத்தே ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. டீமே இல்ல இனி."

நான் அவர் எதிரில் போய் நின்றேன்.

"என்னயப் போடச் சொன்னீங்களே, அன்னிக்கே இது தெரியுமுங்களா சார்?"

"தெரியாம என்ன?" என்றார் அவர், டீயை ஊதிக்கொண்டே. "சொல்லியிருந்தா நீ போட்டிருப்பியா சாமி?"