மெட்டிக்கு விட்ட இடம்

காந்திமதிக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பதவி உயர்வு அவளுடைய பாதத்தால் வந்தது.

இருங்காட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில், பெங்களூர் ரோட்டை ஒட்டி ஒரு தோல் கம்பெனி. பெயர் எதற்கு, இப்போது அந்தக் கம்பெனியே இல்லை. பாலே ஆடுகிறவர்கள் பழகும்போது போட்டுக்கொள்ளும் மெல்லிய தோல் ஷூக்களைத் தைத்து, சோவியத் நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தைத்த பெண்களில் ஒருத்தியும் பாலே என்றால் என்னவென்று கண்ணால் பார்த்ததில்லை. காந்திமதி அங்கே பசை தடவுகிற மேசையில் இருந்தாள். நாள் முழுக்க நிற்கிற வேலை. நாற்பதைத் தாண்டிய உடம்பு, அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் சேற்றில் நின்று நாற்று நட்ட கால். சாயங்காலம் பஸ்ஸில் ஏற யாராவது கை கொடுத்தால்தான் உண்டு.

ஒருநாள், தைத்த ஷூவைப் போட்டுப் பார்க்க ஒரு கால் வேண்டும் என்று மேலே முடிவெடுத்தார்கள். பெண்களை வரிசையாக நிறுத்தி, ஷூ தைக்கிற அச்சுக்கட்டையோடு பாதங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காந்திமதியின் பாதம் கட்டைக்கு அப்படியே பொருந்தியது. மறுநாளே அவளை சாம்பிள் ரூமுக்கு மாற்றினார்கள். புது ஷூவைப் போட்டு நின்று, மடங்கி, எழும்பி, எங்கே இடிக்கிறது என்று சொல்ல வேண்டும். மற்ற நேரத்தில் தையலைச் சரிபார்க்க வேண்டும். அதற்கு அங்கே ஒரு ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்து செய்கிற வேலை! அந்த ஸ்டூலுக்காக அவள் எதையும் செய்வாள். செய்தாள். மெட்டியைக் கழற்றினாள்.

பாலே ஷூ காலோடு ஒட்டிக்கொள்கிற சாமான். மெட்டி போட்ட விரல் அதற்குள் அடங்காது. காலையில் ரூமுக்குள் போனதும் இரண்டு மெட்டியையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வாள். சாயங்காலம் கேட்டைத் தாண்டுவதற்குள் போட்டுக்கொள்வாள். புருஷன் உயிரோடு இருக்கும்போது தினமும் மெட்டி கழற்றுகிறவளை நம் ஜனங்கள் சும்மா விடுவார்களா? பசை மேசையில் கோவிந்தம்மா ஆரம்பித்த பேச்சு ஊர் வரைக்கும் போனது. முட்டி வீங்கி காந்திமதி நொண்டிய காலத்தில் இவர்களில் ஒருத்தியும் வாயைத் திறந்ததில்லை.

வாரம் ஒரு தடவை மெட்ராஸிலிருந்து அமலா வருவாள். சின்ன வயசுப் பெண். அப்பாவின் உத்தியோகத்தால் வெளிநாட்டில் வளர்ந்தபோது பாலே கற்றவள். ஷூ ஆட்டத்துக்கு ஒத்துவருமா என்று பார்க்க, சரக்கை வாங்கி அனுப்புகிற ஏஜெண்ட் அவளை அமர்த்தியிருந்தான். அவள் சொல்லச் சொல்ல காந்திமதி செய்வாள். முதல் நிலை என்றால் குதிகால் இரண்டையும் ஒட்டி, விரல்களை வெளிப்பக்கம் திருப்பி நிற்க வேண்டும். பிளியே என்றால் அப்படியே முட்டியை மடக்க வேண்டும். தாந்த்யூ என்றால் ஒரு காலைத் தரையோடு தேய்த்து நீட்ட வேண்டும். ரெலவே என்றால் குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் எழும்ப வேண்டும். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லாமல் அவள் இதையெல்லாம் செய்வதைப் பார்த்தால் சிரிப்பு வரும். அமலா சிரித்ததில்லை.

"ருஷ்யாக்காரனுக்குத்தானே ஷூ போவுது? இந்தப் பேரெல்லாம் அவன் பாஷையாம்மா?" என்று ஒருநாள் கேட்டாள் காந்திமதி.

"இல்லக்கா, பிரெஞ்சு. மொதல்ல இத்தாலியில, அரண்மனை விருந்துல ஆடினாங்க. அங்கேர்ந்து பிரான்சுக்கு வாழப்போன பெரிய வீட்டுப் பொண்ணோட இதுவும் போச்சு. பின்னாடி அங்க ஒரு ராஜா, தானே மேடை ஏறி ஆடுவாரு. ஆட்டத்துக்குன்னு ஒரு சபையே வெச்சாரு. அங்க வெச்ச பேருதான் ருஷ்யா வரைக்கும் போயிருக்கு."

"ராஜாவே ஆடினுகீறாரா? அப்போ நாட்ட யாரு பாத்துக்கினாங்க?"

அமலா சிரித்துவிட்டாள். "அப்பல்லாம் ஷூவுக்கு ஹீல்ஸ் இருந்துச்சுக்கா. ஒருத்தி அதைக் கழட்டிப்போட்டுட்டு, பாவாடையையும் கொஞ்சம் ஏத்திக்கிட்டு ஆடினாளாம். கால் வேலை தெரியணும்னு. ஊரே பேசுச்சாம்."

"பேசும். எந்த ஊரா இருந்தா இன்னா?" என்ற காந்திமதி ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "அவ புருஷனுக்கு ஒண்ணும் ஆவலியே?"

இதை ஏன் கேட்கிறாள் என்று அமலாவுக்கு விளங்கவில்லை.

காந்திமதியின் புருஷன் பாண்டுரங்கன் வாலாஜாபாத் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். ரொம்ப நாளாகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தவன், அந்த ஆடி மாதம் மூட்டையோடு சரிந்து விழுந்தான். காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் குடலில் புண் என்று சொல்லி ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதே நாளில்தான் கம்பெனியில் புது அளவு ஷூவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. மத்தியானத்துக்கு மேல் போய்க்கொள்ளலாம் என்றுவிட்டார் சூப்பர்வைசர்.

விடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பியவளை நாத்தனார் கிளியம்மாள் வாசல் வரைக்கும் வந்து மறித்தாள். "அண்ணன் வயித்துல கத்தி வெக்கப் போறாங்க. இன்னிக்கி ஒரு நாளாவது மெட்டியக் கழட்டாதீங்க அண்ணி."

கழற்றவில்லை. மே மாதம் பக்கத்து ஊர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததிலிருந்து ரோட்டில் போலீஸ் சோதனை பலமாக இருந்ததால் அமலாவின் பஸ் வர நேரமாயிற்று. அதற்குள் காந்திமதி பல்லைக் கடித்துக்கொண்டு மெட்டிக்கு மேலேயே ஷூவை இழுத்து மாட்டிவிட்டாள். அமலா வந்து ரெலவே என்றதும் எழும்பினாள். உயிர் போகிற வலி.

"எங்கக்கா இடிக்குது?"

"ரெண்டாவது விரல்ல."

அமலா மேலாகத் தொட்டுப் பார்த்தாள். எலும்பு என்று நினைத்திருப்பாள். "இந்த இடத்துல கொஞ்சம் தாராளமா விடணும்" என்று சொல்லிக்கொண்டே, தோல் வெட்டுகிற திருமலையின் மேசைக்குப் போனாள். சொல்லிவிடலாமா என்று காந்திமதிக்கு வாய் வரை வந்தது. சொன்னால் கழற்று என்பார்கள். அந்த நேரத்தில் பாண்டுரங்கனை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

அவன் பிழைத்துக்கொண்டான். டாக்டரா காப்பாற்றினார், மெட்டியா என்று கேட்டால் கிளியம்மாள் சண்டைக்கு வருவாள். ஆனால் திருமலை விட்ட தாராளத்தோடு சரக்கு முழுவதும் வெட்டித் தைத்தாகிவிட்டது. மெட்டி இல்லாத காலில் காந்திமதி அதைப் போட்டுப் பார்த்தாள். இரண்டாவது விரலுக்கு மேல் தோல் மடிந்து நின்றது. இதைப் போட்டு ஆடுகிற பெண் எழும்பும்போது தடுக்கி விழுந்தால்? சரக்கு திரும்பி வந்தால்? ஸ்டூல் போய்விடும், மறுபடி பசை மேசைதான். அந்த முட்டியை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை அங்கே நிற்க அவளால் முடியாது.

அமலா வருவது நின்றது. அடுக்கிய பெட்டிகளை ஏற்ற லாரியும் வரவில்லை. ஓவர்டைம் நின்றது, பிறகு பாதிப் பேருக்கு வேலை நின்றது. ஷூவின் கோளாறு மேலே தெரிந்துவிட்டது, எல்லாம் தன்னால்தான் என்று காந்திமதி முடிவு கட்டிக்கொண்டாள். வேலை போனவர்கள் கேட்டில் வந்து கெஞ்சும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டாள். சோறு இறங்கவில்லை. சொல்லிவிடுவோம் என்று தினமும் காலையில் நினைப்பாள். ஸ்டூலில் உட்கார்ந்ததும் அலுப்பு அமுக்கிவிடும், நாளைக்கு என்று தள்ளிப்போடுவாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் ஆளுக்கு ஒரு பெட்டி ஷூவைக் கையில் கொடுத்தார்கள். அந்த வருஷத்து போனஸ் அவ்வளவுதான். பெண்கள் திட்டிக்கொண்டே அங்கேயே போட்டுப் பார்த்தார்கள்.

"அட, மெட்டி மேல போட்டாக்கூட இடிக்கல!" என்று கோவிந்தம்மா காலை நீட்டிக் காட்டினாள். "நம்ம காலுக்குன்னே தெச்ச மாறி கீது!"

காந்திமதி சாம்பிள் ரூமுக்குள் போய்விட்டாள். அங்கே அமலா நின்றுகொண்டிருந்தாள். தன் சாமான்களை எடுத்துப்போக வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் காந்திமதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மெட்டியில் ஆரம்பித்து ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள்.

அமலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அந்தச் சரக்க யாரும் தொறந்தே பாக்கல. பெட்டி இங்கேர்ந்து கிளம்பவே இல்லியே. அந்த நாடே உடையப் போவுதுன்றாங்க. பணம் குடுத்து வாங்க அங்க ஆள் இல்ல. தைக்கவே வேணாம்னு தந்தி வந்துடுச்சு. கம்பெனிய மூடுறாங்கக்கா. இதுல உங்க தப்பு ஒண்ணுமே இல்ல."

இத்தனை நாள் நெஞ்சை அழுத்திய பாரம் இறங்க வேண்டும். இறங்கவில்லை. காந்திமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என் தப்பாவே இருந்திருக்கக் கூடாதாம்மா?" என்றாள். "தப்புன்னா பிரிச்சித் தெச்சிக் குடுத்திருப்பேனே."

வெளியே மேசைகளை நகர்த்தி வண்டியில் ஏற்றுகிற சத்தம் கேட்டது. காந்திமதி ஸ்டூலை சுவரோரமாக இழுத்துப் போட்டு, அதை எடுத்துப்போக ஆள் வருகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.