ஏணிக்குக் காவல்

கண்டனூர் கல்யாண வீட்டில் சீரியல் பல்பு மாட்ட இன்று என் மருமகன் ஏணி வைத்து ஓட்டின்மேல் ஏறினார். "அத்தானுக்கு உயரம்னா பயம்" என்று என் மகன் சிரித்ததுதான் காரணம்.

எனக்கு 1972 ஞாபகம் வந்துவிட்டது.

இதே வீடு. சின்ன மச்சினன் கல்யாணம். நான் கிளார்க் வேலை பார்க்கும் புது மாப்பிள்ளை. பெரிய வீட்டில் பெண் எடுத்த கூச்சத்தில் இரண்டாவது முறை சாம்பார்கூடக் கேட்டதில்லை.

வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றிய ஓட்டின்மேல் குளவிக் கூடு. "மாப்பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்? ஆளைக் கூப்பிடுவோம்" என்றார் பெரிய மச்சினன். பரிவாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டேன்.

கூட்டைத் தட்டிவிட்டுத் திரும்பினால் ஏணியைக் காணோம். தோரணம் கட்ட எடுத்துப் போயிருந்தார்கள்.

ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்களே. ஓடு கொதித்தது. குளவி கொட்டி உதடு வீங்கியது. கீழே தாலி ஏறியது, முதல் பந்தி முடிந்தது, இரண்டாம் பந்தியும் எழுந்தது.

கடைசியில் என் மனைவிதான் அண்ணாந்து பார்த்தாள்.

"அங்குட்டு என்ன பண்றீக?"

"காத்து வாங்குறேன்."

இன்று மருமகன் இறங்கும்வரை ஏணியடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். "ஏணி வேணும், கொஞ்சம் எந்திரிக்கிறீகளா?" என்று பந்தல்காரர் இரண்டு முறை கேட்டார். நான் அசையவில்லை.

உங்களில் யாரெல்லாம் இன்னும் ஓட்டின்மேல் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்?