தோற்ற ஐந்து பேர்

கல்லூரி விழா மலருக்கான கட்டுரையைச் சரிபார்க்கச் சொல்லி, மலர் வேலையைப் பார்க்கும் இளம் பேராசிரியர் போன வாரம் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். பழைய மாணவி, இன்னும் அருப்புக்கோட்டையிலேயே இருக்கிறவள் என்பதால் நான் அகப்பட்டேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. உள்விளையாட்டு அரங்கம் கட்டிய பிறகுதான் மாணவிகள் விளையாட வந்தார்களாம். எனக்கு வந்ததே கோபம்! அந்த அரங்கத்துக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கு எத்தனையோ வருடம் முன்னால் மதுரை வரை போய்ப் பூப்பந்து ஆடிய நாங்கள் ஐந்து பேர் யார்?

எங்களுக்கு மைதானம் கிடைத்தது மத்தியானம் ஒரு மணிக்கு, பையன்கள் சாப்பிடப் போகும் நேரத்தில். கரிசல் மண் காலைச் சுடும். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடுவோம். பூப்பந்து என்பது கம்பளி நூல் சுற்றிய சின்ன மஞ்சள் பந்து. போட்டியன்றைக்குத்தான் தருவேன் என்று விளையாட்டு ஆசிரியர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பையன்கள் கேட்டால் மட்டும் அந்தப் பீரோ திறக்கும்.

போங்கய்யா என்று நானே பந்து செய்தேன். எங்கள் வீட்டில் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுப்பது என் வேலை. கழிவு நூலுக்குப் பஞ்சமே இல்லை. பருத்தி நூலை இறுக்கி இறுக்கிச் சுற்றி, மஞ்சள் கரைத்து முக்கி, காயவைத்துக் கொண்டுபோனேன். ஆறு மாதம் அதில்தான் அடித்துப் பழகினோம். எங்கள் அணியில் ஒரு ரெட்டியபட்டிக்காரி இருந்தாள். காட்டு வேலை செய்த கை. அவள் அடித்தால் அந்தப் பந்தும் எல்லைக்கோடு வரை போகும். பருத்திப் பந்து கனம் என்பது ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

மதுரையில் உறைத்தது. முதல் ஆட்டத்தில் நாங்கள் அடித்த கம்பளிப் பந்தெல்லாம் கோட்டைத் தாண்டிப் பறந்தது. எதிரணிப் பெண்கள் மட்டையைக்கூடத் தூக்காமல் நின்று சிரித்தார்கள். இருபத்தொன்பதுக்கு நாலு. ரெட்டியபட்டிக்காரி என் கையைப் பிடித்து, "ஏடி, பாதி வேகத்துல தட்டுவோம். இவளுக சிரிப்ப நிப்பாட்டணும்" என்றாள்.

இரண்டாவது ஆட்டத்தில் நிப்பாட்டினோம். அவர்கள் ஓடினார்கள், விழுந்தார்கள், தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள். கடைசியில் ஜெயித்ததும் அவர்கள்தான்.

திரும்பி வந்த மறுநாள் விளையாட்டு ஆசிரியர், "தோத்துட்டுல்ல வந்திருக்கீக. இனிமே பொம்பளப் பிள்ளைகளுக்கு டீமு கிடையாது" என்றார். நான் படித்த மூன்று வருடமும் ஆண்கள் அணி முதல் சுற்றிலேயே தோற்றது. அவர்களுக்கு வருடா வருடம் புதுப் பனியன் வந்தது. அந்த அநியாயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

பேராசிரியருக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன்.

"ஆதாரம் இருக்கா மேடம்? கப்பு, சர்டிபிகேட்டு ஏதாவது?"

"தோத்தவளுக்கு யாரு தம்பி கப்பு குடுப்பா?"

அவர் தயங்கினார். "தோத்தத மலர்ல போட்டா நல்லா இருக்காது மேடம். 'கலந்துகொண்டனர்'னு போட்டுக்கலாமா?"

"கலந்துக்கிறதுக்கு அது என்ன கல்யாணமா? ஆடுனோம், தோத்தோம். அப்படியே போடுங்க."

அரை மணி நேரம் நான் விடவில்லை. கடைசியில் அந்த அரங்கத்து வரியை அடித்துவிட்டு, நான் சொன்னபடியே எழுதி வாசித்தும் காட்டினார்.

உடனே ரெட்டியபட்டிக்குப் போன் போட்டேன். அவள் பருத்திக் காட்டில் நின்றிருந்தாள். வாழ்த்துவாள் என்று பார்த்தால் சண்டைக்கு வந்தாள்.

"தோத்தோம்னு மட்டும் போட்டா எப்பிடிடி? ரெண்டாவது ஆட்டத்துல இருபத்தாறு எடுத்தோம்ல! அதையும் போடச் சொல்லு."

மறுபடியும் பேராசிரியருக்குப் போன் போட்டேன்.